ஹெர்மன் குன்றில் உன் படத்தைப் பார்த்த சனிக்கிழமை

நியூ அல்ம், மின்னசோட்டா
செப்டம்பர் 18, புதன்கிழமை

அன்பு மகன் கான்ராடுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மெரிடித்தும் குழந்தை டெஸ்ஸாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். இதற்கு அடுத்த வரியில் நாங்கள் இங்கே சுகம் என்று எழுதுவது என் வழக்கம், நீ பெர்த் நகரத்துக்குப் போன பதினோரு வருஷமாக அதைத்தான் எழுதி வருகிறேன், இந்த முறை எழுதப் போவதில்லை. நாங்கள் சுகமாக இல்லை. உன் அப்பாவுக்குக் கண் போய்விட்டது. முழு இருட்டு இல்லை, பார்வையில் நடுப்பகுதி போய் ஓரம் மட்டும் மிச்சம் இருக்கிறது. என்னை நேராகப் பார்த்தால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் தெரிகிறதாம், காதும் தோளும் மட்டும் தெரிகிறதாம். இது இன்று நேற்று வந்தது இல்லை, இரண்டு வருஷமாக நடக்கிறது. மன்கேட்டோவில் கண் டாக்டர் மாதா மாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார், ஜூன் மாதம் போனபோது இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வரும் வழியில் காரை நான்தான் ஓட்டினேன், பையனுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். அவன் அங்க இருந்துக்கிட்டு என்ன பண்ணுவான், பரவால்லன்னு எழுது என்றார். நானும் பரவாயில்லை என்று எழுதினேன். அந்தக் கடிதத்தில் தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது என்றுகூட எழுதியிருந்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். இந்த வருஷம் தக்காளியும் சரியில்லை.

நம் ஊர்க்காரர்கள் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுவடை இயந்திரத்தில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வந்த உன் பெரியப்பாவிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, பரவால்ல, இன்னும் எட்டு இருக்கு என்று சொன்ன குடும்பம் இது. வாய் திறந்து வலிக்கிறது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று நினைப்பு. உனக்கும் அதே ரத்தம்தானே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் பொறுமையாகப் படி, நான் சுற்றி வளைத்துத்தான் வருவேன், நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஆகஸ்ட் ஆறாம் தேதி உன் கடிதம் வந்தது, கூடவே அந்தப் புகைப்படம். டெஸ்ஸாவைத் தூக்கி வைத்துக்கொண்டு கடற்கரையில் நீ நிற்கிறாய். இப்போதெல்லாம் உன் கடிதங்களை நான்தான் அவருக்குப் படித்துச் சொல்கிறேன், அப்பா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார். கடிதத்தைப் படித்து முடித்ததும் படம் எப்படி இருக்கு என்று கேட்டார். நான் படத்தைப் பார்த்தேன், கான்ராட். ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா, நல்லா கொழுகொழுன்னு இருக்கான், வெயில்ல கறுத்துப் போயிருக்கான், பாப்பா அச்சு அசல் உங்க அம்மா மாதிரி இருக்கா என்று கடகடவென்று சொல்லிவிட்டது. அவர் படத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் படம் அவர் பையில்தான். துணி துவைக்கும்போது எடுத்து மேசையில் வைப்பேன், திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்வார்.

உனக்கு மொட்டை அடித்திருந்தது, உங்கள் ஊரில் கோடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகஸ்டில் அங்கே குளிர்காலம் என்று எனக்குத் தெரியாதா, பதினோரு வருஷமாக இதைச் சொல்லித்தானே நீ என்னைக் கிண்டல் செய்கிறாய். தெரிந்தும் சொல்லிக்கொண்டேன். மனுஷிக்கு வேண்டாத விஷயம் வந்தால் புத்தி எத்தனை வேகமாகப் பொய் தயாரிக்கிறது என்று எனக்கே ஆச்சரியம். ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பொய்யில் வண்டி ஓட்டினேன்.

போன சனிக்கிழமை காலையில் அப்பா திடீரென்று ஹெர்மன் குன்றுக்குப் போகலாம் என்றார். பதினோரு கோடைக்காலம் அங்கே ஹெர்மன் சிலைக் கோபுரத்துக் கதவருகே உட்கார்ந்து நுழைவுச் சீட்டுக் கிழித்தவர், கண் மங்க ஆரம்பித்ததும் நானாக விலகிக்கிறேன் என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தவர், அதற்கப்புறம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. குளிர் வந்தால் மூடிவிடுவார்கள், அதற்கு முன்னால் ஒரு தரம் மேலே ஏற வேண்டும் என்றார். படிக்கட்டு சுழல் படிக்கட்டு, விழுந்து தொலைத்தால் நான் என்ன செய்வேன் என்று கத்தினேன். கண்ணு தெரிஞ்சப்பவும் அந்தப் படியில யாரும் கண்ணால ஏறினதில்ல, காலால தான் ஏறினாங்க என்றார். அவரோடு பேசி ஜெயிக்க முடியுமா. போனோம்.

கீழே சீட்டுக் கொடுப்பது இப்போது ஆர்லின் என்கிற ஆள், அப்பாவுக்குத் தெரிந்தவர்தான். லியாண்டர், வாங்க வாங்க, எப்படி இருக்கீங்க என்றார், பரவால்ல என்றார் அப்பா, நீங்க எப்படி என்றார், பரவால்ல என்றார் ஆர்லின். அந்த ஆளுக்கு ஜூலையில் மனைவி இறந்திருக்கிறாள், கான்ராட். இரண்டு பேரும் பரவால்ல, பரவால்ல என்று சொல்லிக்கொண்டு கைகுலுக்கியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்களிடம் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அப்பா முன்னால் ஏறினார், நான் பின்னால் அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. மேலே வெளித்தளத்துக்கு வந்ததும் காற்று மூஞ்சியில் அடித்தது. அவர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, கோழி பார்க்கிற மாதிரி, ஆற்றுப் பக்கம் பார்த்தார். சர்ச் கோபுரம் தெரியுது, பீர் ஆலைப் புகைபோக்கி இருக்கிற திசை தெரியுது, தானியக் கிடங்கு வெள்ளையா தெரியுது என்று சொன்னார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் சட்டைப் பையிலிருந்து உன் படத்தை எடுத்தார். அதற்காகத்தான் வந்திருக்கிறார். வீட்டு வெளிச்சம் போதவில்லை, ஊரிலேயே உயரமான இடத்தில் நல்ல வெயிலில் பிடித்தால் ஓரக்கண்ணாலாவது தெரியாதா என்று ஒரு மாதமாக யோசித்து வைத்திருக்கிறார் கிழவர். மேலே பிடித்தார், கீழே பிடித்தார், இடது கண்ணை மூடினார், வலது கண்ணை மூடினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கையைத் தொங்கப் போட்டுவிட்டார்.

நான் சொல்றேனே, கொழுகொழுன்னு இருக்கான் என்று ஆரம்பித்தேன். நீ சும்மா இரு மார்லிஸ், நாப்பத்தாறு வருஷமா உன்கிட்ட எதைக் கேட்டாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்ற, அடுப்பு பத்தி எரிஞ்சப்பவும் அதான் சொன்ன என்றார். அப்போது எங்களோடு மேலே ஒரே ஒரு பெண்தான் இருந்தாள், அயோவாவிலிருந்து வந்தவள், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பா அவள் பக்கம் திரும்பி, அம்மா, எனக்குக் கண்ணு சரியில்ல, இந்தப் படத்துல என்ன இருக்குன்னு கொஞ்சம் உள்ளபடி சொல்லுவியா, என் பொண்டாட்டி பொய் சொல்லுவா என்று கேட்டார். வெளியூர்க்காரியிடம் இப்படி. நான் அவளுக்குக் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், அவள் என்னைக் கவனிக்கவில்லை, படத்தைத்தான் பார்த்தாள். அவள் முதலில் குழந்தையைச் சொன்னாள். மஞ்சள் தொப்பி, ஒரு கால்ல செருப்பு இல்ல, வாய் நிறைய சிரிப்பு, முன்பல்லுல இடைவெளி என்றாள். எங்க வீட்டுப் பல்லு என்றார் அப்பா. அந்த நிமிஷம் அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பையன் எப்படி இருக்கான் என்று கேட்டார். அவள் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அப்புறம், ரொம்ப மெலிஞ்சிருக்காருங்க, தலையில முடி இல்ல, புருவமும் இல்ல, நெஞ்சுக்கு மேல சட்டைக்குள்ள மருந்து ஏத்துறதுக்குக் குழாய் வச்ச மாதிரி கட்டு தெரியுது, எத்தனை மாசமா ட்ரீட்மென்ட் நடக்குதுங்க என்று கேட்டாள். அவள் நர்ஸ். அந்த மாதிரி நோயாளிகளைப் பார்க்கிற வார்டில் வேலையாம்.

எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்த பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. ஐயோ மன்னிச்சிடுங்க, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். அப்பா அவள் கையைத் தட்டிக் கொடுத்து, பரவால்லம்மா, இதைவிட மோசமா நடந்திருந்தா என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் அதோடு நிறுத்திக்கொண்டார். தலைக்கு மேலே அந்தச் செம்பு மனுஷன் ஹெர்மன் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், கீழே இவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். என் ஆயுசில் உன் அப்பா ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டதை அன்றுதான் பார்த்தேன். பேச்சை மாற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த ஹெர்மன் சண்டையில ஜெயிச்ச பிறகு என்ன ஆனார் என்று கேட்டாள். பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய ஜெர்மன் வீரன் ரோமாபுரிப் படையை அடித்து விரட்டிய கதையைச் சொல்லி அதோடு கைதட்டு வாங்கினவர் இவர். அன்றைக்கு மிச்சக் கதையைச் சொன்னார். அவன் பொண்டாட்டிய வயித்துப் பிள்ளையோட எதிரி பிடிச்சிட்டுப் போயிட்டான், பையன் அங்கதான் பிறந்தான், இவன் அந்தப் பிள்ளை மூஞ்சியக் கடைசி வரைக்கும் பார்க்கவே இல்ல என்றார். எனக்கே அது தெரியாது.

கீழே இறங்கிக் காரில் உட்கார்ந்ததும் உனக்கு எப்போதிருந்து தெரியும் என்று என்னைக் கேட்டார். ஆகஸ்ட் ஆறாம் தேதியிலிருந்து என்றேன். சரி என்றார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ராத்திரி உருளைக்கிழங்கு உருண்டை செய்திருந்தேன், நாலு சாப்பிடுகிறவர் நாலும் சாப்பிட்டார், தட்டைக் கழுவினார், போய்ப் படுத்தார். முகம் பார்த்துப் பேசுகிற போன் ஒன்று வாங்கி அனுப்புகிறேன் என்று வருஷக் கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாயே, ஏப்ரலுக்கு அப்புறம் அந்தப் பேச்சை நீயே விட்டுவிட்டாய். ஏன் விட்டாய் என்று அன்று ராத்திரி எனக்குப் புரிந்தது. ஏப்ரலிலிருந்து என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதம் ஆகிறது. ஆறு மாதம் நீ அங்கே மருந்து ஏற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அம்மா இங்கே எல்லாம் பரவாயில்லை, கொஞ்சம் அலுப்பு அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறாய். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி குடிக்கிற இடத்தில் வழக்கம்போல கான்ராட் எப்படி இருக்கான் என்று கேட்டார்கள். அப்பா காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நல்லா இல்ல, கேன்சர் மாதிரி இருக்கு என்றார். இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதிலை அங்கே யாரும் கேட்டுப் பழகியிருக்கவில்லை. ஒருத்தர் என்ன செய்வதென்று தெரியாமல் கேக் தட்டை அப்பா பக்கம் நகர்த்தினார். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் வாசலில் சர்ச்காரர்கள் சமைத்துக் கொடுத்த ஆறு தட்டுச் சாப்பாடு வந்து சேர்ந்துவிட்டது, எல்லாவற்றிலும் அதே மாட்டுக் கறியும் உருளைக்கிழங்கும், அடியில் அவரவர் பெயர் ஒட்டி. இன்னொன்று, உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனால் இனி எதையும் மறைப்பதில்லை என்று உன் அப்பாவிடம் சத்தியம் செய்திருப்பதால் சொல்கிறேன். எல்ஃப்ரீடா போன் செய்தாள், சர்ச்சில் சாவுச் சாப்பாடு அவள் பொறுப்பில்தானே நடக்கிறது. அடக்க ஆராதனை இங்க வைப்பீங்களா, அங்க வைப்பாங்களா, சாப்பாட்டுக்கு ஹாம் கறி சொல்லி வைக்கணுமே என்று கேட்டாள். நல்ல மனசுதான், நாள் தள்ளிக் கேட்கத் தெரியவில்லை. அப்பா போனை என் கையிலிருந்து வாங்கி, எங்க பையன் இன்னும் உயிரோடதான் இருக்கான் எல்ஃப்ரீடா, உருளைக்கிழங்கை இப்பவே வேக வைக்காத என்று சொல்லி வைத்துவிட்டார். வைத்துவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார், நான் பின்னால் போகவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம்தான் உனக்குப் போன் செய்தேன், உனக்கு அங்கே செவ்வாய் காலை. கேட்டுவிட வேண்டும் என்று காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ எடுத்ததும் எப்படிம்மா இருக்க என்றாய், நல்லா இருக்கேன்டா கண்ணா, அங்க மழையா என்று என் வாய் சொல்லிவிட்டது. நாலு நிமிஷம் நாம் மழையைப் பற்றிப் பேசினோம். உன் குரல் இடையில் ஒரு தரம் உள்வாங்கியது, நான் அதையும் கேட்காத மாதிரி பேசிக்கொண்டே போனேன். வைத்த பிறகு அப்பா, கேட்டியா என்றார், இல்லை என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம். என் வாய் அளவுக்குக் கை பொய் பழகவில்லை போலிருக்கிறது. விரைவுத் தபாலில் போடுகிறேன்.

நேற்று தபாலாபீசுக்குப் போனோம். பாஸ்போர்ட் எடுக்கத்தான். அயோவாவுக்குத் தெற்கே போகாத இரண்டு பேர், ஆகாய விமானத்தில் கால் வைக்காத இரண்டு பேர், எழுபத்து நாலு வயதிலும் எழுபது வயதிலும் பாஸ்போர்ட் என்றால் அந்த ஜன்னலில் இருந்த பெண்ணுக்கே சிரிப்பு. அப்பாவைப் படம் எடுக்கும்போதுதான் பெரிய பாடு. நேரா கேமராவைப் பாருங்க என்கிறாள் அந்தப் பெண். நேராகப் பார்த்தால் அவருக்குக் கேமரா தெரியாது, ஓரமாகப் பார்த்தால்தான் தெரியும், அதனால் தலையைத் தலையைத் திருப்புகிறார். ஐந்து தரம் எடுத்தாள். கடைசியில் நான் கேமராவுக்குப் பின்னால் போய் நின்று, என் குரல் வரும் பக்கம் பாருங்க என்று பேசிக்கொண்டே இருந்தேன், அப்படித்தான் படம் சரியாக வந்தது. அங்க போய் எதைப் பார்க்கப் போறீங்க, உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே என்று எனக்கும் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அவரே வழியில் சொன்னார், கையால தடவிப் பார்த்துக்கிறேன் என்று.

உனக்கு என் புத்திமதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பிட முடிந்ததைச் சாப்பிடு, உப்பில்லாமல் இருந்தாலும் சாப்பிடு. மெரிடித்தை அழ விடு, அவள் நம் ஊர்ப் பெண் இல்லை, அழத் தெரிந்தவள், அது ஒரு கொடுப்பினை. டெஸ்ஸாவிடம் மறைக்காதே, நம் வீட்டில் இந்த மறைக்கிற வியாதி அவள் வரைக்கும் வராமல் நிற்கட்டும். நான் பெரிய நம்பிக்கை வைத்துக்கொண்டு எழுதவில்லை, அந்த நர்ஸ் பெண் கார் வரைக்கும் கூட வந்தாள், நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், எது எதற்குப் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தாள் என்பதும் எனக்குத் தெரியும். கர்த்தர் உன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், உனக்கு வலி குறையட்டும், நீ தூங்கும்போது நன்றாகத் தூங்கு. எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கிறது, முடி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. பாஸ்போர்ட் வழக்கமான வழியில் போனால் பத்து வாரம்கூட ஆகலாமாம். வெளிநாட்டில் சொந்தப் பிள்ளை சாகக் கிடக்கிறான் என்றால் சில நாளிலேயே கொடுக்கிற வழி ஒன்று இருக்கிறதாம், அதற்கு உன் டாக்டர் கையெழுத்துப் போட்டு, நிலைமை இன்னது என்று ஒரு கடிதம் தர வேண்டுமாம். விண்ணப்பத்தை நான் அந்த ஜன்னலில் கொடுக்கவில்லை, வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன், சமையலறை மேசையில் இருக்கிறது. பத்து வாரம் தாங்கும் என்றால் தாங்கும் என்று எழுது, அப்பா பத்து வாரமும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு சந்தோஷமாக இருப்பார். தாங்காது என்றால் ஒன்றும் எழுத வேண்டாம், டாக்டர் கடிதத்தை மட்டும் உறையில் போட்டு அனுப்பு. நான் அதை ஒரு வரி விடாமல் அவருக்குப் படித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா மார்லிஸ்

கீழே இருப்பது அப்பா போட்ட கையெழுத்து. காகிதத்துக்கு வெளியே போனது மேசையில் இருக்கிறது.

லியாண்